ஏழு பேருக்கு ஒரு கோட்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒருவருடைய பெயரை மட்டும் தனியே எழுதுவது அவருக்குப் பிடிக்காத காரியம். "எழுதினா எல்லாற்றை பேரையும் எழுதுங்கோ, வந்த வரிசையிலை" என்பார். வந்த வரிசை, நின்ற வரிசை, சாப்பிட்ட வரிசை என்று உலகமே அவருக்கு வரிசைகளாலும் முறைகளாலும் ஆனது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் அவரைத் தெரிந்த தமிழர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'முறையர்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டத்தை வைத்தவன் நான். என் குற்றங்களில் அது சின்னது. பெரியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை அவரோடு தபாலகத்துக்குப் போயிருந்தேன். மழைநாள். உள்ளே ஒருவரும் இல்லை. அவர் இயந்திரத்தில் இலக்கத் துண்டு ஒன்றை இழுத்தெடுத்துக்கொண்டு போய் வாங்கில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கையசைத்துக் கூப்பிட்டாள். இவர் அசையவில்லை, சுவரில் இருந்த இலக்கப் பலகையைச் சுட்டிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். இலக்கம் மாறியது. அதன்பிறகுதான் எழுந்து போனார்.

"ஒரு குருவிகூட இல்லையே அண்ணை, ஆருக்காக இந்த முறை?" என்று கேட்டேன்.

"இப்ப இல்லை மாஸ்ரர். நான் துண்டு எடுக்காமல் போற நேரம் பாத்து ஒருத்தர் உள்ளை வந்தா?"

யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கில ஆசிரியனாக இருந்தவன். அதனால் எல்லாருக்கும் மாஸ்ரர். வயதில் என்னைவிட ஐந்து வருடம் மூத்தவரான அவருக்கும் மாஸ்ரர்தான்.

அவருடைய அடுக்குமாடியில் சலவை அறை ஒன்றுதான். இந்த நாட்டில் அயலவர்கள் அரசியலுக்காகச் சண்டை பிடிப்பதில்லை, சலவை அறைக்காகப் பிடிப்பார்கள். முதலாம் மாடிச் சுவிஸ் கிழவிக்கும் மூன்றாம் மாடிப் போர்த்துக்கீசக் குடும்பத்துக்கும் பல வருடப் பகை. வீட்டுக் காவலாளி ஓய்வு பெற்றுப் போனபின் அது முற்றியது. கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து அவரிடம் வந்து சலவை அறைப் பூட்டின் திறப்பைக் கொடுத்து முறை எழுதச் சொன்னார்கள். அவர் எழுதிக் கதவில் ஒட்டினார். அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரு சத்தமும் இல்லை. சுவிஸ்காரருக்கு வரிசை கற்றுக்கொடுத்த முதல் தமிழர் என்று எங்கள் காட்சியகத்தில் அவருக்கொரு பலகை வைத்திருக்கலாம். ஆனால் அவரிடம் கோட்டும் டையும் கட்டிய புகைப்படம் இல்லை. அது இல்லாதவருக்குப் பலகை இல்லை என்பது நிர்வாகக் குழுவின் தீர்மானம்.

காட்சியகம் என்று நான் சொல்வது சுவிஸ் தமிழ் முன்னோடிகள் காட்சியகம். சூரிச்சின் ஓர்லிகோனில் ஒரு கட்டடத்தின் அடியிலுள்ள பதுங்கறையில் அதை அமைத்தோம். குண்டே விழாத இந்த நாட்டில் வீடுகளுக்கடியில் பதுங்கறை கட்டி வைத்திருக்கிறார்கள். குண்டுக்குத் தப்பி வந்த நாங்கள் அதில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தப்பி வந்த கதையை அதற்குள் வைத்துப் பூட்டினோம். கொங்கிறீட் கதவை இழுத்துத் திறக்க இரண்டு பேர் வேண்டும். பதினொரு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் அந்த இரண்டு பேர் ஒருநாளும் அகப்பட்டதில்லை.

முன்னோடி என்றால் யார் என்பதற்கே நாலு கூட்டம் வைத்தோம். குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு முன் வந்தவர்களே முன்னோடிகள் என்று முதலில் தீர்மானித்தோம். பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர் அதற்கு இரண்டு ஆண்டு பிந்தி வந்தவர். ஆகவே ஆண்டைத் தள்ளிவைத்தோம். பிறகு உபதலைவருக்காக ஒருமுறை தள்ளினோம். மூன்றாவது முறை போசகர் ஒருவருக்காகத் தள்ளியபோது, இங்கே பிறந்த பிள்ளைகளில் இரண்டு பேர் முன்னோடிகளாகிவிட்டார்கள். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் உபயம். கோயில் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தோம். முதல் பொங்கலுக்குப் பொங்கிய பானையைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியில் தங்க எழுத்தில் ஒட்டியிருக்கும் நகைக்கடைக் குடும்பத்தின் நாலு தலைமுறைப் பெயர்களுக்குக் கீழே குனிய வேண்டும். குனிந்தால் பானையின் அடி தெரியும். பொருட்களுக்கு விளக்கம் எழுதியவன் நான். செயலாளரும் நான். எனக்கும் ஒரு பலகை இருந்தது: சூரிச்சின் முதல் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அந்த வாசகத்தையும் நானே எழுதினேன்.

முறையர் குழுவில் இல்லை. ஆனால் கூட்டங்களுக்கு வந்து கடைசிக் கதிரையில் இருப்பார். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கதைப்பதைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் எழுந்து வந்து பதுங்கறைத் திறப்பை மேசைக்கு நடுவில் வைத்தார்.

"திறப்பு ஆற்றை கையிலை இருக்கோ அவர் கதைக்கட்டும். கதைச்சு முடிச்சு வலப்பக்கம் குடுங்கோ."

தலைவர் அதை எடுத்து முக்கால் மணித்தியாலம் வைத்திருந்தார்.

"தலைவர், வலப்பக்கத்திலை மூண்டு பேர் நித்திரையாப் போச்சினம்" என்றார் முறையர். கோபமே இல்லாத குரல். யாரையும் அவர் ஒருநாளும் ஏசியதில்லை. யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுவார். ஏசியிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தன. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கேயும் யன்னலோரக் கதிரைக்கு முறை எழுதி வைத்திருந்தார் என்று ஒரு தாதி சொன்னாள். நாட்கள் அதிகம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். காட்சியகத்திடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை பெரிய பொதி ஒன்றோடு வந்து பிரித்தார். உள்ளே ஒரு பழைய ஆண்கள் ஓவர்கோட். அதற்குள் சுருட்டியபடி ஒரு பியர் நிறுவன நாட்காட்டித் தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து.

"கோட் இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும். இந்தப் பேப்பர் தொங்கவேணும் மாஸ்ரர். எழுதினது எழுதினபடி. நான் ஒருக்காப் பாத்திட்டுப் போகவேணும்."

நான் தாளைப் பார்த்தேன். எந்த வரியைத் தேடவேண்டும் என்று என் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. இருந்தது. வாசகருக்கு அது என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வின்டர்தூருக்கு வெளியே ஒரு குன்றில், கைவிடப்பட்ட பழைய விடுதி ஒன்றில் எங்களை முதலில் வைத்திருந்தார்கள். ஏழு தமிழர்கள். முதல் பனிக்காலம். பக்கத்துத் தேவாலயத்தில் உடுப்புச் சேர்த்து இரண்டு சாக்குகள் அனுப்பினார்கள். கொட்டிப் பார்த்தோம். காலஞ்சென்ற சுவிஸ் கிழவிகளின் கோட்டுகள் ஆறு; கழுத்தில் நரிமயிர் வைத்தவை. ஆண்கள் கோட் ஒன்று. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள். விறைத்துச் சாவோமே தவிர, பெண்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியில் இறங்கமாட்டோம். ஆறையும் படுக்கையில் போர்த்திக்கொண்டோம். ஆண்கள் கோட்டுக்கு ஏழு பேர் அடிபட்டோம்.

முறையர் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டார். நாள், பெயர், போகும் இடம். ஆளுக்கு ஒருநாள். பொலிசுக்கு, வைத்தியரிடம், தொலைபேசி எடுக்க என்று அவரவர் அலுவல்களை அவரவர் கோட் நாளில் வைத்துக்கொண்டோம். இரண்டு பேர் ஒப்புக்கொண்டு நாளை மாற்றினால் பக்கத்தில் 'மாத்து' என்று எழுதுவார். அந்தப் பனிக்காலம் முழுவதும் ஏழு ஆண்கள் ஒரு கோட்டுக்காக ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. காட்சியகத்தில் வைக்கத் தகுந்ததாக எங்களிடம் உண்மையில் இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான்.

அவர் ஊரில் லேத் வேலைக்காரர். இரும்பைக் கடைந்து ஆணியும் தண்டும் செய்பவர். விடுதிப் பொறுப்பாளர் அவருக்காக வின்டர்தூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கதைத்து, திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலைப் பரீட்சை ஒழுங்கு செய்து, மேற்பார்வையாளருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். திங்கள் அவருடைய கோட் நாள். முதல்நாள் மாலையே கடிதத்தைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துவிட்டார்.

எனக்கும் ஒரு காரியம் இருந்தது. சூரிச்சில் ஒரு பாதிரியார் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். என் கோட் நாளான புதனன்று வருவதாகச் சொல்லியிருந்தேன். வேறு விடுதியில் இருந்த ஒரு பட்டதாரி செவ்வாயன்றே போகப்போகிறான் என்று ஞாயிறு பின்னேரம் கேள்விப்பட்டேன். திங்கள் இருட்டோடு, மற்றவர்கள் எழும்ப முன், ஆணியில் இருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினேன். யாரையும் கேட்கவில்லை. படித்தவனுடைய காரியம் முதலில் நடக்கவேண்டும் என்பது எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயமாக இருந்தது.

ரயிலில் குளிருக்காகக் கையை உள்பைக்குள் விட்டேன். கடிதம் தட்டுப்பட்டது. பிரித்தேன். ஜெர்மன் அவ்வளவு தெரியாவிட்டாலும் தொழிற்சாலைப் பெயரும் பத்து மணியும் விளங்கின. அப்போது ரயில் ஓர்லிகோனில் நின்றது. எதிர்ப்புறம் வின்டர்தூர் வண்டி நிற்பது யன்னலால் தெரிந்தது. இறங்கி ஏறியிருந்தால் எட்டரைக்குள் கோட்டும் கடிதமும் அவர் கையில் இருந்திருக்கும். கதவு மூடும்வரை நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அன்றே வேலை எனக்குக் கிடைத்தது.

அவர் என்ன செய்தார் என்பதை மற்றவர்கள்தான் சொன்னார்கள். ஒன்பது மணி வரை கோட் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு நரிமயிர் வைத்த பெண்கள் கோட் ஒன்றைப் போட்டு, ஒரு மணித்தியாலம் பனியில் நடந்து, தொழிற்சாலை வாசலுக்குப் போயிருக்கிறார். கையில் கடிதம் இல்லை. வாயில் ஜெர்மன் இல்லை. வாசல்காரன் பக்கத்தில் நின்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். அவர் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவப் போனார். ஓய்வு பெறும்வரை கழுவினார்.

அன்று பின்னேரம் கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பனியை உதறி ஆணியில் கொழுவிவிட்டுக் கேட்டார்:

"போன காரியம் சரி வந்ததோ மாஸ்ரர்?"

"ஓம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பென்சிலை எடுத்தார். அந்தத் திங்களுக்கு நேரே இருந்த தன் பெயரைக் கோடு இழுத்து வெட்டினார். 'தொழிற்சாலை, லேத் பரீட்சை, பெண்கள் கோட்' என்று எழுதியதை வெட்டாமல் விட்டார். அதற்கு மேல் 'மாஸ்ரர், சூரிச், வேலை' என்று எழுதினார். பக்கத்தில் 'மாத்து'. அந்தத் தாளில் இருக்கும் ஒரே பொய் அதுதான். அதையும் எனக்காக எழுதியிருந்தார்.

"புதன்கிழமை என்ரை முறையை நீங்கள் எடுங்கோ அண்ணை" என்றேன்.

"புதன்கிழமை எனக்குப் போறதுக்கு ஓரிடமும் இல்லை மாஸ்ரர். பிறகு வாங்கிறன்."

இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, யாரோ வீட்டுக் கலியாணத்தில் பழைய கதை வந்தபோது, "அந்தப் பொம்பிளைக் கோட் நல்ல சூடு, தெரியுமோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

இப்போது தாள் என் கையில் இருந்தது. 'மாத்து' என்று எழுதியிருப்பதை யாரும் குற்றமாக வாசிக்கப்போவதில்லை. ஆனால் அதே சுவரில் பத்தடி தள்ளி என் பலகை: முதல் மொழிபெயர்ப்பாளர், வேலைக்குச் சேர்ந்த நாள் உட்பட. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிற ஒருவருக்கு மாஸ்ரரின் வரலாறு முழுதாகத் தெரிந்துவிடும்.

"கண்ணாடிச் சட்டம் போடக் குடுப்பம் அண்ணை. சும்மா தொங்கவிட்டால் கிழிஞ்சு போகும்" என்றேன்.

"ஓம், அதுவும் சரி" என்றார்.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். குழுவிடம் அது மிகவும் சிதைந்துவிட்டது என்று சொன்னேன். குழு கவலைப்படவில்லை. அவர்களுக்குக் கோட்தான் தேவை. அதில் அடுப்புச் சுட்ட அடையாளம் இருந்தது. கைநுனியில் மஞ்சள் கறை. கழன்ற தெறிக்குப் பதிலாகச் சாரத்து நூலால் தைத்த சேட்டுப் பொத்தான். தலைவர் அதைச் சலவைக் கடையில் கொடுத்து, கறை எடுத்து, சூட்டுக்காயத்தைத் தைத்து, பித்தளைத் தெறிகள் நாலு வைத்து வாங்கிவந்தார்.

"பிள்ளையள் வந்து பாக்கிற இடம். ஊத்தையா வைக்கேலுமோ?" என்றார்.

இப்போது அது வங்கி மனேஜர் ஒருவர் சென்ற வாரம் வாங்கிய கோட் போல இருந்தது. லாங்ஸ்ட்ராஸ தெருவில் மூடிவிட்ட சேலைக்கடை ஒன்றிலிருந்து உருவப் பொம்மை இலவசமாகக் கிடைத்தது. பெண் பொம்மை. நெஞ்சில் தெறி பூட்ட முடியவில்லை. கீழே என்னுடைய வாசகம்: 'எமது முன்னோடிகள் எழுவர் அன்போடு பகிர்ந்தணிந்த ஒரே மேலங்கி.' அந்த 'ஒரே' என்ற சொல்லால் ஆறு கிழவிகளின் கோட்டுகளையும் வரலாற்றிலிருந்து கழற்றிவிட்டேன்.

திறப்பு விழாவன்று அவர் வந்தார். மற்றவர்கள் பார்த்து நகரும்வரை நின்று, தன் முறை வந்ததும் கிட்டப் போனார். பொம்மையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஆம்பிளைக் கோட்டைப் பொம்பிளைக்குப் போட்டிட்டியள்! அண்டைக்கு நான், இண்டைக்கு இவா. கணக்குச் சரி மாஸ்ரர்!"

ஏன் சிரிக்கிறார் என்று சுற்றி நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிரித்து முடிந்ததும் கேட்டார்: "அந்தப் பேப்பர்?"

"சட்டம் போடுறவன் இன்னும் தரேல்லை அண்ணை."

"சரி, அவனுக்கும் வரிசை இருக்கும்தானே."

இரண்டாம் முறை தொலைபேசியில் கேட்டார். கண்ணாடி மாற்றச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில். குழாய்கள் பூட்டி, இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று யன்னலோரக் கதிரையில் வேறு யாரோ ஓர் இளம் பெண் இருந்தாள். இவர் சுவரோரமாக இருந்தார்.

"மாஸ்ரர், பேப்பருக்கு என்ன நடந்தது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன் என்றுகூட இப்போது நினைத்துப் பார்க்கிறேன், ஆனால் அது உண்மையில்லை. அப்பிள் கொண்டுபோயிருந்தேன், அவருடைய நோய்க்கு அது கூடாதா கூடுமா என்பதைப் பற்றிக் கதைத்தேன்.

"அடுத்த மாதம் கட்டாயம் தொங்கும் அண்ணை."

"எனக்கு மாதக்கணக்கிலை எழுதிவைக்க ஏலாது. கிழமைக்கணக்கிலை சொல்லுங்கோ" என்றார்.

மூன்றாம் வாரம் இறந்துபோனார்.

காட்சியகம் மலர்வளையம் வைத்தது. அதில் பெயர்கள் பதவி வரிசையில் இருந்தன. என் பெயர் மூன்றாவது.

அடுத்த கூட்டத்தில் தாளை மேசையில் விரித்தேன். திங்கட்கிழமைக்கு நேரே விரலை வைத்து, நடந்ததை முழுவதும் சொன்னேன். நான் முடித்ததும் தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"மாஸ்ரர், இதிலை பொம்பிளைக் கோட் எண்டு எழுதிக் கிடக்கே?"

"ஓம்."

"எங்கடை ஆக்கள் பொம்பிளையளின்ரை உடுப்புப் போட்டவை எண்டு சுவிஸ்காரனுக்குக் காட்டப் போறமோ? மானம் போகாதோ?"

"தலைவர், நான் அவற்றை கோட்டைக் களவெடுத்தனான். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"அதாரும் செய்யிறதுதானே. ஒருநாள் கோட். அதை விடுங்கோ. இந்தப் பொம்பிளைக் கோட்டுக்கு என்ன செய்யிறது?"

நாற்பது வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கொட்டினேன். குழு அதில் நரிமயிரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால், அதற்கு எவ்வளவு பெறுமதி என்றும் முன்பே தெரிந்திருக்கும். ஒரு மணித்தியாலம் வாதாடி, செயலாளர் பதவியை விட்டுவிடுவேன் என்று மிரட்டி, கடைசியில் சம்மதம் வாங்கினேன். கடிதம் எழுத வேறு ஆள் இல்லாததால் பயந்தார்கள்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். தாள் தொங்கியது. கண்ணாடியில் தலைவரின் கடைப் பெயர் தங்க எழுத்தில், 'உபயம்' என்ற தலைப்போடு, சரியாக அந்தத் திங்கட்கிழமைக்கு மேல் ஒட்டியிருந்தது. மற்ற எல்லா நாளும் வாசிக்கலாம். அந்த ஒருநாளைத் தவிர. யாரும் அதைத் திட்டமிடவில்லை. நடுவில் ஒட்டினால் வடிவு என்று நினைத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படிச் செய்யத்தான் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு வீட்டுத் திறப்பின் நுனியால் சுரண்டினேன். பசை கெட்டியானது. கண்ணாடியில் கீறல் விழுந்தது. தலைவர் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

சனிக்கிழமைகளில் வருபவர்களுக்கு நான்தான் விளக்கம் சொல்கிறேன். பெரும்பாலானோர் தங்கள் பெயரைத் தேடுவார்கள், இல்லையென்றால் போய்விடுவார்கள். சென்ற வாரம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். இங்கே வளர்ந்தவள், முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. கீறல் விழுந்த கண்ணாடிக்கு முன்னால் அதிக நேரம் நின்றாள். ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஐயா, இந்த மாஸ்ரர் ஆர்?"

"நான்தான்."

"மாத்து எண்டா, நீங்கள் பிறகு அவருக்கு ஒரு நாள் குடுக்கவேணும், என்ன?"

"ஓம்."

"குடுத்தனீங்களோ? கீழை ஒரு இடமும் அப்பிடி எழுதேல்லையே."

அவர் கேட்கவேயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை வருடமும் நான் எனக்குச் சொல்லிவந்த பதில் அதுதான். பிறகு, திறப்பு விழாவில் ஒருமுறை, தொலைபேசியில் ஒருமுறை, சுவரோரக் கதிரையில் ஒருமுறை அவர் பேப்பர் என்று என்னிடம் கேட்டது, அன்று வாங்காமல் விட்ட அந்த நாளைத்தான் என்று எனக்கு விளங்கியது.

"மூண்டு தரம் கேட்டவர், பிள்ளை" என்றேன். "நான் குடுக்கேல்லை."